எந்த ஜவ்வு, டீச்சர்?

வாசகர் கடிதம்: எனக்கு 46 வயது. விருதுநகர் பக்கம் தொடக்கப் பள்ளி ஆசிரியை. மூன்று மாதம் முன்பு பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இடது முட்டி முறுக்கிக்கொண்டது. அதிலிருந்து நடக்கையில் திடீர் திடீரென்று பூட்டிக்கொள்ளும். ஸ்கேன் பார்த்துவிட்டு, ஜவ்வு கிழிந்திருக்கிறது, கொஞ்சம் தேய்மானமும் இருக்கிறது என்றார்கள். துளை போட்டுக் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன், ஆர்த்ராஸ்கோப்பி, செய்து இன்றோடு 11 நாள். ‘சின்னத் துளைதான், மறுநாளே நடக்கலாம்’ என்றதால் இரண்டு வாரம்தான் லீவு போட்டேன். நடக்கிறேன், ஆனால் முட்டி இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. மடக்கினால் உள்ளே களக் களக் என்கிறது. தொடை சூம்பிவிட்டது. படி இறங்கும்போது கால் சொன்ன பேச்சு கேட்பதில்லை. முட்டிக்குக் கீழே தலையணை வைத்துப் படுத்தால்தான் சுகம். நாத்தனார் மகனுக்கும் இதே ஜவ்வு ஆபரேஷன்; அவனுக்கு பெல்ட், ஊன்றுகோல் எல்லாம் கொடுத்தார்கள். எனக்கு ஒன்றும் தரவில்லை. விட்டுவிட்டார்களோ? மாமியார் தைலம் போட்டு நீவச் சொல்கிறார். வீட்டில் இந்தியன் டாய்லெட். ஸ்கூட்டி எப்போது ஓட்டலாம்? பழனிக்குப் படியேறி வருவதாக வேண்டுதலும் இருக்கிறது. (பெயர் வேண்டாம்.)

டீச்சர்,

முதலில் நாத்தனார் மகனைக் கொஞ்சம் ஓரமாக உட்கார வைத்துவிடுவோம். இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. 24 வருடமாக ஆபரேஷன் முடிந்து வரும் முட்டிகளோடு மல்லுக்கட்டுகிற பிசியோதெரபிஸ்ட் நான். என் அறைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ‘ஜவ்வு ஆபரேஷன்’ என்ற ஒரே சொல்லோடுதான் வருகிறார்கள். நம் ஊரில் முட்டிக்குள் எலும்பு தவிர மற்ற எல்லாமே ஜவ்வுதான். தொடை எலும்புக்கும் கால் எலும்புக்கும் நடுவில் பிறை வடிவத்தில் இரண்டு மெத்தைகள் இருக்கின்றன. அதற்குப் பெயர் மெனிஸ்கஸ். அதுவும் ஜவ்வு. எலும்பையும் எலும்பையும் இழுத்துக் கட்டியிருக்கும் கயிறு, லிகமென்ட். அதுவும் ஜவ்வு. எலும்பு நுனியில் பூசியது போலிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பையும் சிலர் ஜவ்வு என்றே சொல்கிறார்கள். மூன்றுக்குமே கேமரா போகிற வழி முட்டிக்கு முன்னால் போடும் அந்தச் சின்னத் துளைகள்தான். வெளியே இருக்கும் தையலை வைத்து உள்ளே என்ன நடந்தது என்று சொல்லவே முடியாது.

அதனால் பீரோவில் வைத்த டிஸ்சார்ஜ் தாளை எடுங்கள். ஆபரேஷனின் பெயர் எழுதிய வரியைப் பாருங்கள். ‘பார்ஷியல் மெனிசெக்டமி’ என்றிருந்தால், கிழிந்து தொங்கிய துண்டை மட்டும் நறுக்கி எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். உள்ளே தையல் இல்லை, காப்பாற்ற வேண்டிய புது வேலைப்பாடு ஒன்றுமில்லை. அதனால்தான் பெல்ட் தரமாட்டார்கள். வலி தாங்குகிற அளவுக்கு அன்றே காலை ஊன்றச் சொல்வார்கள். ‘மெனிஸ்கஸ் ரிப்பேர்’ என்றிருந்தால் கதை வேறு. கிழிசலைத் தைத்திருக்கிறார்கள், தையல் ஒட்டும்வரை பொதுவாக 4 முதல் 6 வாரம் முட்டியை 90 டிகிரிக்கு மேல் மடக்கவிட மாட்டார்கள், குந்தி உட்கார மாதக்கணக்கில் தடை. ‘ஏசிஎல் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்றால் முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் என்கிற லிகமென்ட் கயிற்றையே புதிதாகப் போட்டிருக்கிறார்கள். அவர்களை 9 மாதத்துக்கு முன்னால் மைதானத்துக்கு அனுப்ப எனக்கு மனசு வராது. ‘மைக்ரோஃப்ராக்சர்’ என்றால் குருத்தெலும்பு போன இடத்தில் எலும்பில் பொடித் துளைகள் போட்டிருப்பார்கள். அதற்குப் பல வாரம் பாரம் போடவே கூடாது என்பவர்கள் உண்டு.

முட்டி பூட்டிக்கொண்டது, பெல்ட் தரவில்லை, மறுநாளே நடக்கச் சொன்னார்கள் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முதல் வகையாகத்தான் தெரிகிறது. நாத்தனார் மகனுக்கு வேறொன்று நடந்திருக்க வேண்டும். இனி நான் எழுதுவதெல்லாம் முதல் வகைக்குத்தான். உங்கள் தாளில் ‘ரிப்பேர்’ என்ற சொல் இருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இன்றைக்கே உங்கள் சர்ஜனுக்கு போன் செய்யுங்கள்.

‘சின்னத் துளை’ என்று சொன்னது பொய்யில்லை. உள்ளே போகிற குழாய் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் தடிமன். 1962-ல் டோக்கியோவில் மசாக்கி வதானாபே என்கிற மருத்துவர் இப்படிக் குழாய் வழியாகப் பார்த்தே கிழிந்த மெனிஸ்கஸை நறுக்கி எடுத்துக் காட்டினார். அதற்கு முன்னால் முட்டியைத் திறந்துதான் வேலை. ஆனால் துளை சின்னது என்றால் தோலில் ஆறவேண்டிய காயம் சின்னது, அவ்வளவுதான். உள்ளே உப்புநீரைப் பாய்ச்சி மூட்டை உப்பவைத்து, அதன் நடுவில்தான் வெட்டுகிறார்கள். மூட்டின் உள்சவ்வுக்கு அது பிடிக்காது. கோபித்துக்கொண்டு நீரைச் சுரக்கும். நீங்கள் கேட்கிற ‘களக்’ அந்த மிச்ச நீரும் உள்ளே புகுந்த காற்றும்தான். வலியில்லாத சத்தத்தை நான் கணக்கில் எடுப்பதே இல்லை. பார்ஷியல் மெனிசெக்டமிக்குப் பிறகு முட்டி பழைய அளவுக்கு வர 6 வாரம் ஆகும், சிலருக்கு 3 மாதம்கூட. 11-ஆம் நாள் வீக்கம் இருப்பதில் ஆச்சரியமே இல்லை.

துளைக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்குத் தொட்டால் மரத்தது போலிருந்தாலும் பயப்படாதீர்கள். தோலுக்கு வரும் மெல்லிய நரம்பு ஒன்று அங்கே ஓடுகிறது, அது பட்டிருக்கும். பெரும்பாலும் மெல்ல மெல்லக் குறையும். தொடையில் நசுக்கியது போன்ற வலி இருந்தால், ரத்தம் வராமலிருக்க ஆபரேஷன் நேரத்தில் அங்கே இறுக்கிக் கட்டிய பட்டையின் வேலையாக இருக்கலாம்.

இப்போது தொடைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி ‘கால் சொன்ன பேச்சு கேட்பதில்லை’ என்பதுதான். வீட்டில் எங்கோ மின்கசிவு இருந்தால் டிரிப்பர் தானாக விழுந்து கரண்டை நிறுத்திவிடும் இல்லையா? முட்டிக்குள் நீர் தேங்கினால் உடம்பும் அதையே செய்கிறது. மூட்டிலிருந்து போகும் நரம்புச் செய்தி தண்டுவடத்துக்குப் போய், தொடையின் முன்பக்கத் தசைக்கு வரும் கட்டளையைக் குறைத்துவிடுகிறது. சில ஸ்பூன் நீர் போதும் இதற்கு. நீங்கள் மனசில் எவ்வளவு உத்தரவு போட்டாலும் தசைக்கு அது பாதிதான் போய்ச் சேரும். வேலை செய்யாத தசை இரண்டு வாரத்திலேயே கண்ணுக்குத் தெரிகிற அளவு இளைக்கும். இறங்குபடியில் உடம்பின் பாரத்தை மெல்ல இறக்கிவிடுவது இந்தத் தசைதான். அதனால்தான் ஏறும்போதைவிட இறங்கும்போது கால் வெடுக்கென்று மடங்குகிறது.

ஆகவே வேலை இரண்டு. நீரை வடியவிடுவது, தசையை எழுப்புவது. இரண்டாவதை நினைத்து முதலாவதை மறப்பவர்கள்தான் அதிகம். ‘நடந்தால்தான் சரியாகும்’ என்று யாரோ சொல்லக் கேட்டு ஆறாம் நாளே வாக்கிங் போய், முட்டியைப் பூசணிக்காய் ஆக்கிக்கொண்டு வருவார்கள். நடை நல்லதுதான், ஆனால் முட்டி அனுமதிக்கிற அளவுக்கு. அந்த அளவைத் தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். வீட்டில் தையல் டேப் இருக்குமே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் எழுந்ததும், கட்டிலை விட்டு இறங்கும் முன் காலை நீட்டி வைத்து, முட்டிச் சில்லுக்கு நடுவே சுற்றி அளவெடுங்கள். வலது முட்டியையும் அளந்து பக்கத்தில் எழுதுங்கள். சாயங்காலம் அளக்காதீர்கள், சாயங்காலம் எல்லோருக்கும் வீங்கும், அதைப் பார்த்தால் வருத்தம்தான் மிஞ்சும். நேற்றுக் காலையைவிட இன்று காலை ஒரு சென்டிமீட்டர் கூடியிருந்தால், நேற்றுச் செய்த ஏதோ ஒன்று அதிகம். அதைப் பாதியாகக் குறையுங்கள். கூடவில்லை என்றால் இன்று கொஞ்சம் கூட்டலாம். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் தரும் அட்டவணையில் தேதியே இருக்காது, இந்த அளவுதான் இருக்கும்.

வீக்கத்துக்கு ஐஸ். பிளாஸ்டிக் கவரில் ஐஸ் கட்டியைப் போட்டு மெல்லிய துண்டில் சுற்றி 15 நிமிடம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, குறிப்பாக நடந்து முடித்ததும். தையல் பிரிக்கும்வரை ஈரம் கட்டுக்குள் இறங்கக் கூடாது. படுக்கும்போது கால் நெஞ்சைவிட உயரமாக இருக்கட்டும். இங்கேதான் உங்கள் தலையணை. முட்டிக்கு அடியில் மட்டும் வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். சுகமாகத்தான் இருக்கும், வீங்கிய முட்டிக்கு லேசாக மடங்கிய நிலை பிடிக்கும், அப்படியே விட்டால் கடைசிப் பத்து டிகிரி நீளாமலே போய்விடும். முழுசாக நீளாத முட்டியோடு நடந்தால் நொண்டல் வரும், அந்த நொண்டலே திரும்ப வீக்கத்தைக் கொண்டுவரும். தலையணையைக் கெண்டைக்கால், குதிகால் இரண்டுக்கும் கீழே நீளவாக்கில் வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை குதிகாலுக்கு அடியில் மட்டும் ஒரு சுருட்டிய துண்டை வைத்து, முட்டிக்குக் கீழே ஒன்றுமில்லாமல் 5 நிமிடம் காலைத் தொங்கவிடுங்கள். பின்பக்கம் இழுக்கும். இழுக்கட்டும்.

தசையை எழுப்ப இப்போதைக்கு இரண்டு பயிற்சி போதும். காலை நீட்டி உட்கார்ந்து, முட்டியின் பின்பக்கத்தைக் கட்டிலோடு அழுத்துங்கள். தொடை கல் மாதிரி இறுக வேண்டும், முட்டிச் சில்லு மேலே நகர்வது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். பத்து தடவை, ஒரு நாளைக்கு ஐந்து வேளை. இறுகவில்லை என்றால் முதலில் வலது தொடையை இறுக்கிப் பார்த்து, கையால் தொட்டு உணர்ந்து, பிறகு இடதுக்கு வாருங்கள். அது சரியானதும் அடுத்தது: இதே இறுக்கத்தோடு காலை நேராக ஓர் அடி உயரம் தூக்கி, ஐந்து எண்ணி, மெல்ல இறக்குவது. தூக்கும்போது முட்டி தொய்ந்து மடங்கினால் இன்னும் முதல் பயிற்சியிலேயே இருங்கள். கிளாஸில் எண் தெரியாத பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லித்தர மாட்டீர்கள் அல்லவா? மடக்குவதற்குக் குதிகாலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டு, தரையில் சறுக்கிக்கொண்டு வருவதே போதும். யாரும் கையைப் போட்டு மடக்கிவிட வேண்டாம்.

படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுக் கால் முதலில். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். பள்ளிக்குப் போகும்போது ஒரு கைத்தடி எடுத்துப் போகக் கூச்சமாக இருந்தாலும் இரண்டு வாரம் எடுத்துப் போங்கள். அதை வலது கையில் பிடிக்க வேண்டும். வலிக்கிற பக்கமே தடியைப் பிடித்துச் சாய்ந்து சாய்ந்து நடப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ரோட்டில் போகும்போதுகூடக் கை பரபரக்கும்.

மாமியாரின் தைலத்துக்கு வருகிறேன். அவரிடம் என் பெயரைச் சொல்லித் தடுங்கள், வீட்டில் சண்டை வேண்டாம். தையல் பிரித்துத் துளை முழுக்க மூடும்வரை எண்ணெய் அந்தப் பக்கமே வரக் கூடாது. சூடு ஒத்தடமும் வீங்கிய முட்டிக்கு இப்போது ஆகாது. எல்லாவற்றையும்விட, கெண்டைக்காலை நீவவே கூடாது. ஆபரேஷனுக்குப் பிறகு காலின் உள்ரத்தக்குழாயில் ரத்தம் கட்டுவது ஆர்த்ராஸ்கோப்பியில் அபூர்வம்தான், ஆனால் நடப்பது உண்டு. கட்டிய ரத்தத்தை நீவி நகர்த்தினால் அது நுரையீரலுக்குப் போகலாம். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டாலே வலித்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் யோசிக்கவே வேண்டாம், 108. அதேபோல முட்டியில் கிருமி புகுவதும் அபூர்வம், ஆனால் விட்டால் மூட்டையே தின்றுவிடும். நேற்றைவிட இன்று வலி கூடி, முட்டி கொதித்து, காய்ச்சலும் குளிருமாக இருந்தாலோ, துளையிலிருந்து சீழோ நீரோ வடிந்தாலோ மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டில் படுக்காதீர்கள். சுகர் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இந்த விஷயத்தில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

டாய்லெட். முழுசாகக் குந்தும்போது மெனிஸ்கஸின் பின்பக்கம்தான் நசுங்குகிறது. பெரும்பாலும் கிழிவதும் நறுக்குவதும் அந்தப் பின்பக்கமே. குறைந்தது 6 வாரம் குந்த வேண்டாம், சப்பணமும் வேண்டாம். நடுவில் ஓட்டை உள்ள கமோடு நாற்காலி சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும். இந்தியன் டாய்லெட்டின் மேலேயே வைத்துக்கொள்ளலாம், கழுவி மடித்து வைக்கலாம். ஆபரேஷனுக்கு முன்பே யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும்; எந்த ஆஸ்பத்திரித் தாளிலும் நான் இதைப் பார்த்ததில்லை, ஆனால் வீட்டுக்கு வந்ததும் வருகிற முதல் பிரச்சினை அதுதான். பள்ளிக் கழிப்பறை எப்படி என்பதையும் லீவு முடிவதற்குள் யோசித்துவிடுங்கள். அங்கேயும் இந்தியன் என்றால் லீவை இன்னொரு வாரம் நீட்டுவதில் தப்பே இல்லை. உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றால் இரண்டு வாரத்தில் போகலாம். நீங்கள் நாள் முழுக்க நிற்பவர். நான் என்றால் மூன்று வாரம் முடிந்து, நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்தலாம் என்று தலைமையாசிரியரிடம் சொல்லி வைத்துக்கொண்டு போவேன்.

ஸ்கூட்டிக்கு நாள் கணக்கைவிட ஒரு சோதனை நல்லது. சிக்னலில் நின்றால் எந்தக் காலை ஊன்றுவீர்கள்? பெரும்பாலோருக்கு இடது கால். உங்களுக்கு ஆபரேஷன் ஆனதும் அதே கால். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வீட்டு வாசலில் உட்கார்ந்து, இடது காலை ஊன்றி, வண்டியை இடப்பக்கம் லேசாகச் சாய்த்து நிமிர்த்துங்கள். வலியில்லாமல், முட்டி நடுங்காமல் பத்து தடவை செய்ய முடிந்தால் கிளம்பலாம். மூன்று நான்கு வாரம் ஆகலாம். தூக்கம் வரவைக்கும் வலி மாத்திரை போட்ட அன்று ஓட்டாதீர்கள். சென்டர் ஸ்டாண்டைத் தொடவே வேண்டாம், சைடு ஸ்டாண்ட் போதும்.

இன்னொன்று இருக்கிறது. ஆபரேஷன் முடிந்த பிறகு இதை எழுதுவது நியாயமா என்று யோசித்தேன். டீச்சரிடம் மறைக்க வேண்டியதில்லை. ‘கொஞ்சம் தேய்மானமும் இருக்கிறது’ என்றார்களே, அது ஆர்த்ராஸ்கோப்பியில் சரியாவதில்லை. 2002-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் தேய்மான முட்டியுள்ள 180 பேரை எடுத்து, சிலருக்கு உள்ளே கழுவிச் சுரண்டி, சிலருக்குத் தோலை மட்டும் வெட்டித் தைத்து அனுப்பினார்கள். இரண்டு வருடம் பார்த்தும் வலியில் வித்தியாசமில்லை. 2013-ல் பின்லாந்தில், தேய்ந்து தானாகக் கிழிந்த மெனிஸ்கஸுக்கும் இதே போல் பார்த்து இதே முடிவுக்கு வந்தார்கள். உங்களுக்கு முறுக்கிக் கிழிந்து, முட்டி பூட்டிக்கொண்டது. அது வேறு, பூட்டிக்கொள்வது நின்றிருக்கும், அதுதான் இந்த ஆபரேஷன் தருகிற லாபம். ஆனால் மழை நாளிலும், வெகுநேரம் நின்ற பிறகும் ஒரு மந்தமான வலி மூன்று மாதத்துக்குப் பின்னும் எட்டிப்பார்த்தால், ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று இன்னொரு ஸ்கேனுக்கு ஓடாதீர்கள். அது தேய்மானம். அதற்கு மருந்து தொடைத் தசையும் எடையும்தான். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முட்டிக்குக் கிட்டத்தட்ட நாலு கிலோ பாரம் குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள்.

பழனி. கிட்டத்தட்ட எழுநூறு படி. மூன்று மாதம் போகட்டும், அதற்குள் வீட்டு மாடிப்படியைக் கைப்பிடி பிடிக்காமல், ஒரு காலுக்கு அடுத்து மறுகால் வைத்து இறங்கப் பழகியிருக்க வேண்டும். பிறகு யானைப் பாதையில் ஏறுங்கள், சரிவு கொஞ்சம் மட்டு. வேண்டுதல் ஏறுவதற்குத்தானே, இறங்குவதற்கு வின்ச், அதாவது இழுவை ரயில், இருக்கிறது. நாளை மறுநாள் தையல் பிரிக்கப் போவீர்கள் என்று நினைக்கிறேன்; டிஸ்சார்ஜ் தாளையும் டேப் அளவு எழுதிய நோட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். ‘எவ்வளவு மெனிஸ்கஸ் எடுத்தீர்கள், மிச்சம் எவ்வளவு, குருத்தெலும்பு எப்படி இருந்தது?’ என்று சர்ஜனைக் கேளுங்கள். கேமராவில் பார்த்தவர் அவர், படம்கூடக் காட்டுவார்.